தாயின் பதிவையும் குழந்தையின் பதிவையும் இணைப்பது எப்படி? நிர்வாகத் தரவில் முதல் ஆய்வு செய்பவர்களுக்கு

பிறப்புப் பதிவேடு, மருத்துவமனை அனுமதிப் பதிவு, தடுப்பூசிப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பட்டியல் எதுவுமே ஆய்வாளருக்காக எழுதப்பட்டதல்ல. சான்றிதழ் கொடுக்கவும் கட்டணம் கணக்கிடவும் எழுதப்பட்டவை. ஆனாலும் 'பேறுகாலத்தில் தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால், குழந்தை முதல் ஆண்டில் எத்தனை முறை மருத்துவமனையில் சேர்கிறது?' என்ற கேள்விக்கு இவற்றை வைத்தே விடை தேடலாம். அதற்குத் தாயின் பதிவும் குழந்தையின் பதிவும் ஒன்றுசேர வேண்டும். 'பிறகு பதிவுகளை இணைக்கவும்' என்று பாடநூல்கள் தாண்டிப்போகும் அந்த இடத்தில்தான் நான் வெகுநாள் முட்டிக்கொண்டு நின்றேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தரவு ஒப்பந்தமும் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பிறப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

மருத்துவமனைப் பதிவிலிருந்து தொடங்கினால் நோய்வாய்ப்பட்ட குழந்தைகள் மட்டுமே கண்ணில் படுவார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்ல, பிறந்த அனைவரும் பட்டியலில் இருக்க வேண்டும்.

படி 2: கோப்பை எக்செலில் திறக்காதீர்கள்

வெறும் பிடிவாதத்தில் சொல்லவில்லை. எண்ணாக எடுத்துக்கொள்ளும்போது எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அடையாள எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில், அடையாள எண்களை எழுத்துகளாகவே வாசியுங்கள். பிறந்த தேதிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 1 மட்டும் மலைபோல் உயர்ந்து நின்றால், தேதி தெரியாதபோது யாரோ போட்டுவைத்த தேதி அது.

படி 3: இணைப்பு

ஸ்வீடனில் 1947 முதலும் டென்மார்க்கில் 1968 முதலும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. அங்கே ஆய்வு செய்யும் பாக்கியவான்கள் அடுத்த படிக்குப் போகலாம். மற்றவர்களுக்குச் சிக்கல் இதுதான்: பிறந்த அன்று குழந்தைக்குப் பெயரே இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், அல்லது 'ஆண் குழந்தை' என்று இருக்கும். பிறகு பெயரோடு வரும் அதே குழந்தை, பதிவேட்டின் கண்ணுக்குப் புது ஆள்.

எனவே பெயரை மறந்துவிட்டு, இருவர் பதிவிலும் பொதுவாக இருப்பதைப் பிடியுங்கள்: மருத்துவமனைக் குறியீடு, பிரசவத் தேதி, கர்ப்ப வாரம், பிறப்பு எடை, தாயின் வயது, அஞ்சல் குறியீடு. தாயின் அனுமதித் தேதியைக் குழந்தையின் பிறந்த தேதியோடு ஒப்பிட வேண்டாம். 13ஆம் தேதி இரவு வலியோடு சேர்ந்தவருக்கு 14ஆம் தேதி அதிகாலையில் குழந்தை பிறக்கும், இரண்டும் பொருந்தாது. பிரசவத் தேதி என்று தனியாக ஒன்று இருந்தால் அதுவே சரி.

எல்லாம் அச்சாகப் பொருந்துபவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். மீதிக்கு 1969இல் ஃபெலிகி, சன்டர் என்ற புள்ளியியலாளர்கள் வகுத்த நிகழ்தகவு முறை. அதன் சாரம் எளிது. பாலினம் தற்செயலாகப் பொருந்த இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே அது பொருந்தினால் பெரிய சாட்சியம் இல்லை. ஓராண்டுப் பிறப்புகளில் பிறந்த நாள் தற்செயலாகப் பொருந்த ஏறக்குறைய 365இல் ஒரு வாய்ப்பு. அது வலுவான சாட்சியம். 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் சொன்னால் முன்னதற்குச் சுமார் 1 புள்ளி, பின்னதற்குச் சுமார் 8.5. புள்ளிகளைக் கூட்டி, நீங்கள் வகுத்த எல்லைக்கு மேலிருப்பதைத் தாய்-சேய் ஜோடியாகக் கொள்ள வேண்டும்.

இதற்கு நான் ஸ்ப்ளிங்க் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டன் நீதி அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய இலவச பைத்தான் நிரல்தொகுப்பு அது. எந்தத் தகவல் எத்தனை புள்ளி கொடுத்தது என்று ஒவ்வொரு ஜோடிக்கும் படம் போட்டுக் காட்டுகிறது. காரணம் சொல்லாத கருவியை வைத்துக்கொண்டு நெறிமுறைக் குழுவின் முன் உட்காருவது நரகம்.

படி 4: விடுபட்டவர்கள் யார்?

பத்தில் ஒன்பது இணைந்துவிட்டது என்று மகிழ்ந்து பகுப்பாய்வுக்குப் போய்விடாதீர்கள். இணைந்தவர்களையும் இணையாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடுங்கள்: எடை 2,500 கிராமுக்குக் கீழே எத்தனை பேர், 37 வாரத்துக்கு முன் பிறந்தவர் எத்தனை பேர், இளவயதுத் தாய்மார் எத்தனை பேர். பிறந்த கையோடு வேறு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்ட குழந்தைக்கு மருத்துவமனைக் குறியீடு மாறிவிடும். பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தைக்குப் பிந்தைய பதிவு எதுவுமே கிடையாது. இணைப்பிலிருந்து நழுவுவது பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களைக் கைவிட்டால், குறைமாதக் குழந்தைகள் நிஜத்தைவிட நலமாக இருப்பதாக உங்கள் ஆய்வு சொல்லும். அட்டவணையைக் கட்டுரையிலும் வெளியிடுங்கள்.

படி 5: எண்ணுவது

இடமாற்றத்தைப் புதிய அனுமதியாக எண்ணாதீர்கள். ஓரிடத்தில் விடுவிப்பும் மற்றோரிடத்தில் சேர்க்கையும் ஒரே நாளில் இருந்தால், இரண்டையும் ஒன்றாக்குங்கள். எந்தப் பதிவும் இல்லாத குழந்தை ஆரோக்கியமான குழந்தை என்றும் முடிவுகட்ட முடியாது. குடும்பம் ஊரைவிட்டே போயிருக்கலாம்.

பிற்சேர்க்கை 1: இரட்டையரைப் பற்றிப் பலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு தாய்க்கு ஒரு குழந்தை என்று நிரலில் கட்டாயப்படுத்தியிருந்தால், இரண்டாவது குழந்தை சத்தமில்லாமல் காணாமல் போகும். நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் மருத்துவமனையில் பிறந்த இரட்டையருக்கு இசட்38.3 என்ற குறியீடு உண்டு. முதலில் அவர்களைத் தனியே பிரித்து, பிறப்பு வரிசையையும் எடையையும் வைத்து இணையுங்கள்.

பிற்சேர்க்கை 2: 'எங்களுக்கு இணைத்த கோப்புதான் தருகிறார்கள், அடையாளத் தகவல் எதையும் பார்க்கவே முடியாது' என்று ஒரு வாசகர். பல நாடுகளில் நடைமுறையே அதுதான்: இணைப்பவர் நோய் விவரத்தைப் பார்க்க மாட்டார், ஆய்வாளர் அடையாளத்தைப் பார்க்க மாட்டார். அப்போதும் படி 4 உங்களுடையதே. ஒவ்வொரு ஜோடிக்கும் கிடைத்த புள்ளியையும், இணையாதவர்களின் தொகுப்பு அட்டவணையையும் சேர்த்துத் தரும்படி விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கோப்பு கைக்கு வந்த பிறகு கேட்டால், புது விண்ணப்பம் போடச் சொல்வார்கள்.