மருந்து பேட்ச் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோலில் ஒட்டும் மருந்து பேட்ச் தயாரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில்தான் வரிசையாக விழுகிறார்கள். எடையைச் சரிபார்க்காதது, லேபிள் ஒட்டாதது, பாதியில் ஓவன் கதவைத் திறப்பது மாதிரியான சில்லறை விஷயங்களை இங்கே எழுதப் போவதில்லை; கொஞ்ச நாள் வேலை பார்த்தால் அவை தானாகவே போய்விடும். பசையாக இருக்கும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) என்ன செய்கிறது என்று புரியாமல் வரும் தவறுகள் வேறு ரகம். அவைதான் பணத்தையும் வருடங்களையும் தின்கின்றன.

பசையை வெறும் பசையாக நினைப்பது

1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பேட்ச், பயணக் குமட்டலுக்கான ஸ்கோபலமின். அதில் மருந்துக் கிடங்கு தனி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் நுண்துளைச் சவ்வு தனி, தோலைப் பிடிக்கும் பசை தனி. இன்று நாம் பெரும்பாலும் செய்வது மருந்தைப் பசைக்குள்ளேயே கரைத்துவிடும் வகை. அந்த ஒரே படலம்தான் மருந்துக்குக் கரைப்பான், கிடங்கு, வேகக் கட்டுப்பாடு எல்லாம். ஒட்டுகிற வேலையும் அதற்குத்தான்.

ஆனால் புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? மருந்தில்லாத பசைகளை வரிசையாக உரித்துப் பார்த்து, நன்றாக ஒட்டுவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் அதில் பத்து சதவீதம் மருந்தைக் கொட்டுகிறார்கள். பல மருந்துகள் பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து படலத்தை இளக்கிவிடும். லேசாக அழுத்தினாலே ஒட்ட வேண்டுமென்றால் பசையின் மீள் குணகம் (விறைப்பின் அளவு) சுமார் 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பசை ஆய்வாளர் டால்க்விஸ்ட் சொன்ன பழைய விதி. அது ரொம்பவும் கீழே போனால் பசை ஓரங்களில் வழிந்து, சட்டைப் பஞ்சையும் அழுக்கையும் பிடித்து, தோலில் கறுப்பு வளையம் விட்டுப் போகும். மருந்தைச் சேர்த்த பிறகு கிடைக்கும் எண்தான் எண்.

படலம் தெளிவாக இருக்கிறது, ஆகவே மருந்து கரைந்துவிட்டது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஒரு முறை ஒரு தம்பி புதிதாகப் பூசிய படலத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, "சார், ஒரு புள்ளிகூட இல்ல பாருங்க" என்றான். உண்மைதான், ஒரு புள்ளிகூட இல்லை. மருந்து அளவும் தாராளம், தோல் வழியே ஊடுருவும் வேகமும் மற்ற எல்லா மாதிரிகளையும் விட அதிகம். எல்லோருக்கும் சந்தோஷம். நிலைத்தன்மைச் சோதனைக்கான தொகுதியைச் செய்து, உறைகளில் போட்டு, 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பத அறைக்குள்ளும் அனுப்பியாகிவிட்டது. சில மாதம் கழித்து ஒரு உறையைப் பிரித்து, படிகத்தை மட்டும் பளிச்சென்று காட்டும் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இருட்டாக இருக்க வேண்டிய களத்தில் வெட்டிய விளிம்பிலிருந்து உள்நோக்கி வெள்ளையாகக் கிளை கிளையாகப் படிகம் ஓடியிருந்தது. நடுப்பகுதி அப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது, அதனால் வெறும் கண்ணால் பார்த்த யாருக்கும் தெரியவில்லை. அத்தனை தொகுதியும் குப்பைக்குப் போனது.

நடந்தது இதுதான். மருந்தையும் பசையையும் எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பானில் கலந்து பூசுகிறோம். கரைப்பான் இருக்கும்வரை மருந்துக்கு இடம் தாராளம். ஓவனில் அது ஆவியானதும் படலத்தில் மிஞ்சுவது பள்ளியில் படித்த அதே அதிதெவிட்டிய கரைசல், அதாவது கரையக்கூடியதைவிட அதிகமாகக் கரைந்திருப்பது. ஆனால் மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றுசேர பாலிமருக்குள் நேரம் பிடிக்கும், முதல் படிகக் கரு உருவாக அதைவிட நேரம் பிடிக்கும், போதாததற்கு ஓவனில் சரியாகப் போகாத மிச்சக் கரைப்பானும் மருந்தைக் கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும். ஜாடியில் தேன் மாதக்கணக்கில் தெளிவாக இருந்துவிட்டு ஒரு நாள் உறைந்து நிற்குமே, அதே கதை. பிளேடு பட்ட விளிம்பு, தூசு, ஒரு காற்றுக்குமிழி, எதுவும் தொடக்கப் புள்ளியாகலாம்.

இதில் வஞ்சனை என்னவென்றால், அதிதெவிட்டிய படலம்தான் சோதனையில் முதலிடம் வாங்கும். மருந்தைத் தோலுக்குள் தள்ளுவது எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதல்ல, அந்தப் படலத்தின் கரைதிறனுக்கு எவ்வளவு நெருக்கமாக அல்லது மேலே இருக்கிறது என்பதுதான். ஆகவே நிலையற்ற மாதிரியே அழகான வளைகோட்டைத் தரும், எல்லோரும் அதையே காதலிப்பார்கள். படிகம் வந்ததும் வேகம் இறங்கும். மேற்பரப்பில் முளைத்தால் ஒட்டும் திறனும் போய் ஓரம் தூக்கும்.

சின்ன ஆய்வகங்களில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பார்கின்சன் நோய்க்கான ரோட்டிகோட்டின் பேட்ச் 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பேட்சுகளில் பனித்துகள் வடிவில் படிகங்கள் தெரிந்ததால் 2008-ல் அங்கே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கலவையை மாற்றி மறுபடி அனுமதி வாங்க 2012 ஆகிவிட்டது. அதற்கு முன் அறியப்படாத, இன்னும் நிலையான ஒரு படிக வடிவம் தலைகாட்டியதுதான் அந்தப் படிகங்களுக்குக் காரணம். நிலையான வடிவத்தின் கரைதிறன் எப்போதும் குறைவு, அதனால் நேற்றுவரை சரியாகக் கரைந்திருந்த அளவே இன்று அதிகமாகிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? வேடிக்கை பார்க்காமல் விதையைப் போடுங்கள். வெவ்வேறு மருந்து அளவுகளில் படலங்கள் பூசி, ஒவ்வொன்றின் மேலும் மருந்தின் சில படிகங்களைத் தூவி, லைனரால் (பேட்சை ஒட்டும் முன் உரித்தெடுக்கும் தாள்) மூடி, அதே படிகத்தை வாரக்கணக்கில் நுண்ணோக்கியில் பாருங்கள். முனைகள் மழுங்கிக் கரைந்தால் நீங்கள் கரைதிறன் எல்லைக்குக் கீழே இருக்கிறீர்கள். வளர்ந்தால் மேலே. தண்ணீரைச் சேர்த்துக்கொண்ட படிகமான நீரேற்ற வடிவம் உண்டென்று தெரிந்தால் அதையும் தூவுங்கள். எஸ்ட்ராடயால் என்ற ஹார்மோன் பேட்சுகளில் ஈரம் புகுந்து வந்த தொல்லை அந்த வகைதான். மாதிரியைச் சூடாக்கி எடுத்த வெப்ப வரைபடத்தில் உருகும் முகடு இல்லை, அதனால் படிகம் இல்லை என்று அறிக்கை கொண்டுவராதீர்கள். சூடேற்றும்போதே அந்தக் கொஞ்சப் படிகம் பசையில் கரைந்துவிடும், முகடு எங்கிருந்து வரும்?

பாலிவினைல் பைரோலிடோன் என்ற பாலிமரைச் சேர்த்தால் படிகம் தள்ளிப்போகும், பலரும் செய்வதுதான். ஆனால் அது தண்ணீரை இழுக்கும், அளவு கூடினால் படலமும் விறைக்கும். எல்லைக்கு எவ்வளவு மேலே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு சேர்ப்பது வேறு, பயத்தில் ஒரு பிடி அள்ளிப் போடுவது வேறு.

அமைன் மருந்தும் அமிலப் பசையும்

அக்ரிலிக் பசைகள் பலவற்றில் உறுதிக்காகக் கொஞ்சம் அக்ரிலிக் அமிலம் சேர்ந்திருக்கும். அமைன் போன்ற கார மருந்து வந்தால் அதோடு உப்பாகி உள்ளேயே உட்கார்ந்துவிடும். கரைதிறன் பிரமாதமாகத் தெரியும், தோலுக்கு ஒன்றும் போகாது. ஹைட்ராக்சில் குழு உள்ள அல்லது குழுவே இல்லாத அக்ரிலிக்கைப் பாருங்கள். சிலிக்கோனுக்கு ஓடினால் அங்கே வேறு சிக்கல்: அமைன்கள் பசையில் மிஞ்சியிருக்கும் சிலனால் (சிலிக்கானோடு சேர்ந்த ஹைட்ராக்சில்) முனைகளை ஒன்றோடொன்று இணையவைத்து ஒட்டும் தன்மையைக் கொல்லும். அந்த முனைகளை மூடிய, அமைனைத் தாங்கும் ரகம் தனியாக விற்கிறார்கள். இன்னொரு பசை வகையான பாலிஐசோபியூட்டிலீனில் இந்தச் சண்டை எதுவும் இல்லை, ஆனால் பல மருந்துகள் அதில் கரையவே கரையாது.

சிலிக்கோன் பசைக்குச் சாதாரண சிலிக்கோன் லைனர்

உரிக்க முடியாது. ஃபுளோரோ பூச்சு உள்ளதை வாங்குங்கள்.

ஊடுருவலைக் கூட்டிவிட்டுப் பசையை மறப்பது

ஒலியிக் அமிலம், ஐசோபுரோப்பில் மிரிஸ்டேட் எல்லாம் தோலின் மேல் இருக்கும் இறந்த செல் அடுக்கைத் தளர்த்தும். பசையையும் தளர்த்தும். உரிக்கும்போது பாதிப் பசை தோலிலேயே நிற்கிறதா, படலம் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது என்று பொருள். பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பைக் கூட்டலாம். ஆனால் அலுமினியச் சேர்மத்தால் பிணைக்கிற பசையில், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மருந்தைப் போட்டால் அந்தப் பிணைப்பே நடக்காமல் போகலாம்.

ஸ்டீல் தகட்டில் ஒட்டி உரித்துப் பார்த்த எண்ணை நம்புவது

ஸ்டீல் வியர்க்காது, மடங்காது, மேல்தோல் உதிராது. தொகுதிக்குத் தொகுதி ஒப்பிட மட்டும் அந்த எண்.

காப்புரிமைக்கு முன் மாநாட்டில் போஸ்டர்

காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

கழற்றிய பேட்ச் காலி என்று நினைப்பது

செறிவு வித்தியாசம்தான் மருந்தைத் தள்ளுகிறது, அதனால் கடைசி மணி நேரத்திலும் வேகம் குறையாமலிருக்க உள்ளே நிறைய மருந்து மிச்சம் இருந்தே ஆக வேண்டும். கடும் வலிக்கான ஃபென்டானில் பேட்சில் அந்த மிச்சம் ஒரு குழந்தையைக் கொல்லப் போதும். பசைப் பக்கம் உள்ளே வருமாறு மடித்து அப்புறப்படுத்தச் சொல்வது இதனால்தான். கூடுதலாக ஏற்றிவிட்டால் பிரச்சினை தீரும் என்று நினைக்கும் வடிவமைப்பாளர், அந்தக் கூடுதல் எங்கே போகும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பேட்சின் வெளிப்புறப் பின் படலத்தில் அலுமினியம் வைப்பவர்களும் பின்விளைவை யோசிக்க வேண்டும்: எம்ஆர்ஐ எடுக்கும்போது அது சூடாகித் தோலைச் சுடும், 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. உலோகம் வைத்தே ஆக வேண்டுமென்றால் அதை உறை மேலே பெரிய எழுத்தில் போடுங்கள்.