மார்கழி சீசனில் சபா சபாவாக ஓடாதீர்கள்

நவம்பர் பாதியிலேயே வெளியூர் உறவினர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "டிசம்பரில் கச்சேரி கேட்க வருகிறோம், யார் யாரைக் கேட்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, எங்கே தங்கப் போகிறீர்கள் என்பதைத்தான். பாடகர் பெயரைக் கேட்டால் பேட்டையின் பெயரைக் கேட்கிறாரே என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது, சென்னையில் இசைவிழாவைக் கோட்டைவிடுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சாலையில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்களின் சீசன் அட்டவணையைப் பத்திரிகையிலிருந்து எடுத்து, தெரிந்த பெயர்களையெல்லாம் பேனாவால் வட்டமிடுவார்கள். நான்கு மணிக்கு ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவில் ஒருவர், ஆறரைக்குத் தியாகராய நகர் கிருஷ்ண கான சபாவில் இன்னொருவர். காகிதத்தில் நடுவே சில கிலோமீட்டர்தான். டிசம்பர் மாலையில் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று போக்குவரத்துக் காவலராலும் சொல்ல முடியாது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளில் போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இருப்பதில்லை. ஆகவே முதல் கச்சேரியில் பிரதான உருப்படி சூடுபிடிக்கும்போது எழுந்து, அடுத்த கச்சேரியில் வர்ணமும் முதல் இரண்டு கீர்த்தனைகளும் முடிந்தபின் நுழைந்து, இரண்டையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்புவார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. மயிலாப்பூரில் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், லஸ் பக்கம் ரசிக ரஞ்சனி சபா, முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு ஆட்டோகூட வேண்டாம். மியூசிக் அகாதெமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. தி.நகரில் மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா, ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவையும் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, சபாவின் பெயரை வைத்து இடத்தை ஊகிப்பது. 1900ஆம் ஆண்டு தொடங்கிய திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா, சென்னையின் மிகப் பழைய சபாவாகச் சொல்லப்படுவது. பெயரை நம்பித் திருவல்லிக்கேணியில் இறங்கித் தேடினால் கச்சேரி மயிலாப்பூர் மண்டபத்தில் நடந்துகொண்டிருக்கும். சொந்த அரங்கம் இல்லாத சபாக்கள் பல உண்டு. அவை மற்ற சபாக்களின் மேடைகளில்தான் விழா நடத்துகின்றன. சில வளாகங்களில் பெரிய அரங்கமும் மினி ஹாலும் சேர்ந்தே இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் கச்சேரி நடக்கும்போது, தவறான கதவுக்குள் நுழைந்து, இது நாம் தேடி வந்த பாடகர் இல்லையே என்று பத்து நிமிடம் கழித்து விழிப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். அட்டவணையில் சபா பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இடத்தின் பெயரைப் படியுங்கள்.

பெயரைப் பார்த்து டிக்கெட்

மியூசிக் அகாதெமியின் விழா டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை. 1927ஆம் ஆண்டு சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டில் கருக்கொண்டு, அடுத்த ஆண்டு பிறந்த அமைப்பு. முன்னணிப் பாடகரை அங்கே மாலையில் கேட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், டிக்கெட் வேட்டையிலேயே பாதி விடுமுறை கரைந்துவிடும். நல்ல இருக்கைகளில் சீசன் டிக்கெட் வாங்கியவர்கள் ஆண்டாண்டாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அதே பாடகர் அந்த ஒரு மாதத்தில் வேறு பல சபாக்களிலும் பாடுகிறார். சிறிய சபாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வயலின்காரரின் வில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். என்னைக் கேட்டால், பால்கனியின் கடைசி வரிசைக்காகக் கியூவில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மதியக் கச்சேரிகளை அட்டவணையிலிருந்து அடித்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பெரும்பாலான சபாக்களில் பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணியை ஒட்டியும் இளைஞர்கள் பாடுகிறார்கள். பொதுவாக அனுமதி இலவசம். இலவசம் என்பதால் மட்டம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். இன்று மாலையில் அரங்கை நிரப்புகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் காலி நாற்காலிகளுக்கு முன் பகலில் பாடி மேலே வந்தவர்கள்தான். ஒன்றரை மணி நேரம்தான் கையில் இருக்கும் என்பதால் இளைஞர்கள் ஆண்டு முழுவதும் தயார்செய்ததை அதில் கொட்டுவார்கள். அடுத்தடுத்த நாள் கச்சேரிகளில் தேய்ந்துபோன மூத்த தொண்டையைவிட, சில நாட்களில், பகலில் கேட்கும் பஞ்சம ஸ்வரம் தெளிவாக இருக்கும்.

காலையும் சும்மா இல்லை. அகாதெமியில் எட்டு மணியளவில் தொடங்கும் லெக்-டெம் எனப்படும் செயல்விளக்க உரைகளில் ஒரு ராகத்தையோ ஒரு பாணியையோ பாடிக்காட்டி விளக்குகிறார்கள். நாட்டியக்காரர்களுக்குக் கிருஷ்ண கான சபாவில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய நாட்டிய கலா மாநாடு இருக்கிறது. நாட்டியம் பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறு தேதியில்தான்: புத்தாண்டன்று ஊர் திரும்ப டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அகாதெமியின் நாட்டிய விழா இசைவிழா முடிந்தபின், ஜனவரி முதல் வாரத்தில் நடப்பது.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்திருப்பது

கச்சேரி தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பிரதான ராகத்தை ஆலாபனை செய்து, கீர்த்தனையைப் பாடி, அதில் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலை முடித்து, மேடையிலேயே ஸ்வரம் புனையும் கல்பனாஸ்வரத்தில் பாடகரும் வயலினும் மாறி மாறி உச்சத்துக்கு ஏறியாகிவிட்டது. பாடகர் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பித் தலையசைக்கிறார். மிருதங்கக்காரர் தொப்பி எனும் இடப்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கிறார். அந்தக் கணத்தில் மூன்றாவது வரிசையில் ஒருவர் பையை எடுக்கிறார். அவருக்கு வழிவிட முழங்காலை ஒதுக்கிய அம்மாள், ஒதுக்கியதுதான் ஒதுக்கினோம் என்று அவரும் எழுகிறார். இரண்டு நிமிடத்தில் அரங்கின் பாதி கேண்டீன் வாசலில் டோக்கனுக்கு நிற்கிறது. மேடையில் பாடகர் தாளம் போட்டபடி, காலியாகும் நாற்காலிகளைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் இந்தத் தனி ஆவர்த்தனம் ஓர் இடைவேளை என்ற எண்ணம் சென்னையில் ஊறிப்போன தவறு. பாடகர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் நிலைநிறுத்திய இன்றைய கச்சேரி வரிசையில் இடைவேளை என்று ஒன்று கிடையாது. தனியைப் புரிந்துகொள்ளக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்படுகிறார்கள். வேண்டியதில்லை. மிருதங்கமும் கடமும், அல்லது கஞ்சிராவும், முதலில் நீளமாக முறைவைத்து வாசிக்கும். பிறகு அந்த நீளம் பாதியாகும், அதிலும் பாதியாகும். கேள்வியும் பதிலும் நெருங்கி நெருங்கி வரும். கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து முடிவை அறிவிக்கும் மோராவை வாசித்து, கோர்வை என்ற முடிவுக் கட்டை மூன்று தடவை சொல்லி, பாடகர் விட்டுவைத்த அடி தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும். பாடகர் அந்த அடியை எடுக்கும்போது, கைத்தாளம் போடத் தெரியாதவருக்கும் உடம்பில் ஏதோ இறங்கியது தெரியும். அதற்காகவே இருபது நிமிடம் உட்காரலாம்.

ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு உருப்படிகளுக்கு நடுவே எழுந்து போகலாம். தொடையில் பலமாகத் தட்டித் தாளம் போடுவது, கூடவே முனகுவது, பக்கத்தில் இருப்பவர் காதில் ராகத்தின் பெயரைச் சொல்வது ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவரலாம். (அந்தப் பெயர் பல நேரம் தவறாக இருக்கும் என்பது வேறு கதை.) கைபேசியில் பதிவு செய்வது கூடாது என்று எல்லாச் சபாவிலும் அறிவிக்கிறார்கள்; ஒளிரும் திரை பின்வரிசைக்காரரின் கண்ணைத்தான் முதலில் குத்துகிறது. துண்டுச்சீட்டு அனுப்பி விருப்பப் பாடல் கேட்பது பழைய வழக்கம்தான். தாமதமாக வந்தவர்கள், ஏற்கெனவே பாடி முடித்த பாட்டையே எழுதி அனுப்பாமல் இருந்தால் சரி.

கேண்டீனுக்குப் போகத்தான் வேண்டும், நேரம் பார்த்துப் போங்கள். மதியம் இலைச்சாப்பாடு, மூன்று மணிக்குக் கீரை வடை, அசோகா அல்வா, ஃபில்டர் காபி. நான்கு மணிக் கச்சேரி நடக்கும்போது கூட்டம் குறைவு. சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள் மாறுவதுண்டு. போன ஆண்டு எங்கே நன்றாக இருந்தது என்பதை வைத்து இந்த ஆண்டு முடிவெடுக்காதீர்கள். சால்வை ஒன்றை மறக்காதீர்கள். மார்கழிக் குளிருக்காக அல்ல, அரங்கின் ஏசிக்காக.

சபாவுக்கு வெளியே

டிசம்பர் சென்னை என்றால் சபாவும் கர்நாடக சங்கீதமும் மட்டும் என்று நினைத்து வருகிறவர்கள் ஊரில் பாதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். 1943ஆம் ஆண்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கிறது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற போராட்டத்திலிருந்து பிறந்த விழா. பழந்தமிழ் இசையான பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டங்களும் உண்டு. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கிட்டத்தில். அதிகாலையில் கண்விழிக்க முடிந்தவர்கள் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போகலாம். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மார்கழி பஜனை மரபு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் 2007இல் தொடங்கி, நடுவில் நின்று, 2023இல் மீண்டும் வந்தது. பறை, கரகம், ஒயிலாட்டம் என்று மாவட்டங்களிலிருந்து கலைஞர்கள் வந்து பூங்காக்களிலும் மைதானங்களிலும் நிகழ்த்துகிறார்கள். இங்கே செய்யும் தவறு, இதை ஒரே இடத்தில் நடக்கும் விழா என்று எண்ணுவது. ஒவ்வொரு திடலிலும் வெவ்வேறு குழுக்கள். தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துத் திடலில் என்ன என்று முதலில் பாருங்கள். மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்குப் போகிறவர்கள், திரும்பி வரும் பஸ்ஸைப் பற்றி விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். இரவில் அங்கிருந்து வாடகைக் கார் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் யாரும் பாறையில் உட்காரக் கூடாது.

திறந்தவெளித் திரையிசை நிகழ்ச்சிகள் தனி ரகம். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியை நகரம் மறக்கவில்லை. ஆகஸ்டில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய், நடந்த அன்று கூட்டம் நிரம்பி வழிந்து, செல்லத்தக்க டிக்கெட் கையில் இருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் திணறியது. டிக்கெட் இருக்கிறது என்பதற்காகத் தொடங்கும் நேரத்துக்குப் போய் நிற்காதீர்கள். வாசல் திறக்கும் நேரத்தைப் பாருங்கள். எண்ணிட்ட இருக்கையா, வெறும் பகுதியா என்று டிக்கெட்டில் படியுங்கள். பகுதி என்றால் முந்தியவருக்கே நாற்காலி. கூட்டத்தில் கைபேசி வேலை செய்யாமல் போகும், அதனால் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை உள்ளே போகும் முன்பே பேசிவையுங்கள். கடைசி நேரத்தில் சமூக வலைத்தளத்தில் முன்பின் தெரியாதவரிடம் டிக்கெட் வாங்குவது பணத்தைக் கடலில் போடுவது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் போகலாம். சில நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டுடன் மெட்ரோ பயணமும் சேர்த்தே தருகிறார்கள்.

மழையை மறந்து திட்டம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் நகரமே மூழ்கியது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் மறுபடியும் மூழ்கியது. டிசம்பர் முதல் பத்து நாட்களுக்கு எல்லாவற்றையும் அடுக்கிவைக்காமல் பின்பாதியில் சில நாட்களை விட்டுவையுங்கள். மழை இல்லாவிட்டாலும் தொண்டை கட்டிக்கொண்டு ஆள் மாறுவது சீசனில் சகஜம், அதனால் கிளம்பும் முன் சபாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

டிசம்பரில் லீவு கிடைக்காதவர்கள் பங்குனியில் வரலாம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பெருவிழாவில் மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்துமூவர். சபாக்கள் மாலை நேரத்தில் எளிதில் இடம் கொடுக்காத நாகசுரத்தையும் தவிலையும் சுவாமிக்கு முன்னால் நடந்தபடியே கேட்கலாம், டிக்கெட் கிடையாது. அறுபத்துமூவர் அன்று மட்டும் மயிலாப்பூருக்குள் காரை எடுத்துக்கொண்டு போகும் எண்ணம் வேண்டாம். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடந்துவிடுங்கள். கையில் தண்ணீர் பாட்டிலும் காலில் எளிதில் கழற்றக்கூடிய செருப்பும் போதும்.