'நியூரோபதி' என்று சீட்டில் எழுதினால் அதோடு விட்டுவிடாதீர்கள்

என் வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போனது எப்போது என்று தேதி வைத்துச் சொல்லத் தெரியாமலே ஐந்து மாதம் போய்விட்டது. காரிமங்கலம் சந்தையில் காய்ப் பையோடு முன்னால் நடந்தவரின் இடது செருப்பு கழன்று நாலு தப்படி பின்னால் கிடந்தது, அவருக்கே தெரியவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் களியைப் பிட்டு உருட்ட விரல் வரவில்லை என்றபோதுதான் டாக்டரிடம் போனோம்.

சீட்டில் 'பெரிபெரல் நியூரோபதி' என்று இருந்தது. அதை நோயின் பெயர் என்று நினைத்தது எங்கள் முதல் தவறு. கை கால் நரம்பு பழுதாகியிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சுகர், பி12 குறைவு, தைராய்டு, குடி, தொழுநோய், சில மருந்துகள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைத் தாக்குவது என்று காரணம் பல இருக்கும். எதனால் வந்தது என்று கேளுங்கள்.

நம் பக்கத்தில் உடனே தண்ணீரைச் சொல்வார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதும், அது எலும்பை இறுக்கி, முற்றினால் தண்டுவடத்தையே நெருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கால் தடுமாறுகிற எல்லோருக்கும் அதுவே காரணம் இல்லை. எம்ஆர்ஐயில் டிஸ்க் விலகல் தெரிந்தாலும் இதே கதைதான், ஐம்பது வயதில் வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும்.

பி12 ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், போட்டபின் அளவு சரியாக இருப்பது மாதிரி காட்டும். பி6 மாத்திரையை நிறைய, நீண்ட நாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இது எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

தேதிக்கு வருகிறேன், ஏனென்றால் நோயின் பெயரே பல சமயம் அதில்தான் மாறுகிறது. பலவீனம் ஏறிக்கொண்டே போய் நாலு வாரத்துக்குள் உச்சத்துக்கு வந்து நின்றால் ஜிபிஎஸ் (கில்லன் பாரே, எதிர்ப்புச் சக்தி நரம்பைத் திடீரென்று தாக்கும் நோய்) என்று யோசிப்பார்கள். எட்டு வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போனால் சிஐடிபி, அதே மாதிரித் தாக்குதல் மெதுவாக, நீண்ட நாள் நடப்பது. ஜிபிஎஸ்ஸுக்கு ஸ்டீராய்டு பலன் தராது, சிஐடிபிக்குப் பலருக்குத் தரும். பெங்களூரில் பார்த்த நரம்பு டாக்டர் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன்பே "எப்போ ஆரம்பிச்சது?" என்றுதான் கேட்டார். வீட்டுக்காரர் "கொஞ்ச நாளா" என்றார். நான் செருப்புக் கதையைச் சொன்னேன், அது சித்திரைக்கு முன்னால். சிஐடிபி என்று முடிவானது. கூடப் போகிறவர்கள் காலண்டர் தாளின் பின்னாலாவது குறித்து வையுங்கள், கூட இருப்பவருக்குத்தான் முதலில் கண்ணில் படும்.

நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் நரம்பு டெஸ்ட் நார்மல் என்றால் மனப்பிரமை என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது. அந்த டெஸ்ட் பெரிய நரம்பு இழைகளைத்தான் அளக்கிறது, எரிச்சலையும் சூட்டையும் உணர்கிற மெல்லிய இழைகளின் பழுது அதில் தெரியாது.

கொஞ்சம் தேறியதும் ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவது ஆபத்து, டாக்டர் சொல்கிறபடி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். புரையேறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, பலவீனம் மணிக்கு மணி ஏறினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.