மணக்குடிக் காயலில் சுரபுன்னை: நட்டது ஏன் நிற்பதில்லை?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில் சுரபுன்னை என்ற கண்டல் மரம் (உப்புநீர்ச் சேற்றில் வளர்வது) நடப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது காலியான சேற்றுத் திட்டைத்தான். பெரிய தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் நெடுநேரம் தண்ணீர் நிற்பதால்தான் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. நம் கரையில் ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் ஒரு சாண் பள்ளமும் செடிக்கு எமன். ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் சேறு வெளியே தெரிகிற மட்டம்தான் சரி. பக்கத்தில் வளர்ந்த மரம் நின்றால் அதன் அடிமட்டத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொழியை, அதாவது காயல் கடலோடு சேரும் வாயை, மறப்பது அடுத்த தவறு. ஆற்றில் நீர் குறையும்போது அலை மணலைக் குவித்துப் பொழியை அடைத்துவிடும். ஏற்றவற்றம் நின்று நீர் தேங்கும். இலை முழுக்க வாரக்கணக்கில் மூழ்கிய கன்று மூச்சடைத்து அழுகும். எனவே பொழி அடைபட்ட காலத்தில் நீர் எதுவரை ஏறுகிறது என்று குச்சி நட்டுக் குறித்துவிட்டு இடம் தேர்ந்தெடுங்கள்.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல ஒரு முழத்துக்கு மேலும் தொங்கும். பச்சையாக இருக்கும்போதே இழுத்துப் பறித்தால் குருத்து முறியும். காய்க்கும் முளைக்கும் நடுவில் மஞ்சள் வளையம் தெரிந்து, லேசாகத் தொட்டதும் கழன்று வருவதுதான் முற்றியது. பூச்சித் துளை உள்ளதைக் கழித்துவிடுங்கள். வெயிலில் போட்டு வைக்காமல் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். நடும்போது கூரான முனை கீழே, குருத்து மேலே. தலைகீழாகக் குத்துகிறவர்களும் உண்டு! மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். இடைவெளி ஒன்றரை மீட்டர்.

கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடும் இடத்தருகே நடாதீர்கள். அழுகலில் உயிர்வளி தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு சேற்றில் தேங்கி வேரைக் கொல்லும். ஏற்கெனவே வெண்கண்டல் என்ற இன்னொரு கண்டல் மரம் நிற்கிற இடத்தை வெட்டிச் சுரபுன்னை வைப்பதும் வேண்டாத வேலை. கண்டல் நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருவதால் வனத்துறையிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

நட்டபின் வாரம் ஒருமுறை போய், தண்டில் சுற்றிய நைலான் வலைத் துண்டையும் பிளாஸ்டிக்கையும் கையால் எடுங்கள். தண்டு முழுக்கக் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள், பட்டை உரியும். அந்த இடம் பள்ளம் என்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்த நடவை ஒரு சாண் மேடாகத் தள்ளி வையுங்கள்.