சேது என்று எழுதினால் சேது என்றே தெரியவேண்டும்: உருண்டை ஸ்லாப் எழுத்தைக் கையாள்வது எப்படி

நம் ராமநாதபுரம் கடற்கரையில் போர்டு, ஸ்டிக்கர், பாக்கெட் லேபிள் வேலை பார்க்கிறவர்களுக்கு, அதிலும் இப்போதுதான் கோரல் டிரா என்ற வரையும் மென்பொருளைப் பழகுகிறவர்களுக்கு, இதை எழுதுகிறேன். தடித்த உருண்டை ஸ்லாப் செரிஃப் எழுத்துருவை நிறையப் பேர் ஆசையாக எடுத்துப் போடுகிறார்கள், பாதி இடத்தில் அது தவறான இடமாக இருக்கிறது.

முதலில் அது என்னவென்று பார்த்துவிடுவோம். பழைய வீட்டுத் தூணுக்கு அடியில் கல் வைத்திருப்பார்களே, அது போல ஆங்கில எழுத்தின் காலிலும் தலையிலும் ஒரு தடித்த கட்டை நிற்கும், அதுதான் ஸ்லாப். அந்தக் கட்டையின் மூலைகளை மழுக்கி உருட்டிவிட்டால் நாம் பேசுகிற எழுத்து. ஸ்லாப் வகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் விளம்பரத் தாள்களுக்காக வந்தது. 1845இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் அந்த வகையில் பெரிய பெயர் வாங்கியது. உருண்டைக்கு எல்லாரும் காட்டுகிற கூப்பர் பிளாக், 1922இல் சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் செய்தது, கறாராகப் பார்த்தால் ஸ்லாப் இல்லை, ஆனாலும் குணத்தில் பங்காளிதான். இவையெல்லாம் தூரத்திலிருந்து ஒரு வார்த்தையைப் பார்க்க வைப்பதற்கு வந்தவை, பத்தி பத்தியாகப் படிப்பதற்கு அல்ல. அதனால் பெயருக்கு மட்டும் போடுங்கள். ஒரு வார்த்தை, மிஞ்சினால் மூன்று.

நம் ஊருக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால் காரணம் உப்புக்காற்று. மீன்பிடி வல்லத்தின் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வினைல் ஸ்டிக்கர் ஒட்டினால் கூரான மூலைதான் முதலில் தூக்கும். அங்கே காற்றும் தண்ணீரும் புகுந்துவிட்டால் அப்புறம் மொத்தமாக உரிந்து வரும். உருண்ட மூலை அவ்வளவு சீக்கிரம் பிடிவிடாது. கோடு தடிப்பாக இருப்பதால் வெட்டிய பிறகு வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போதும் எழுத்து கிழியாது. எனக்கு இந்த எழுத்தின் மேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். சாலைக்கு அந்தப் பக்கம் 60 அடியில் நின்று படிக்கவேண்டும் என்றால் எழுத்து 6 அங்குலமாவது இருக்கவேண்டும். பாம்பன் சாலையில் வண்டியில் போகிறவர் கண்ணில் படவேண்டுமானால் இன்னும் கூட்டுங்கள்.

எழுத்தைத் தட்டியதும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் முட்டி ஒரே சுவராகிவிடும். ஏற்கெனவே தடித்த எழுத்துக்கு மேலே போல்ட் பட்டனை அழுத்தாதீர்கள். இடம் பத்தவில்லை என்று பக்கவாட்டில் அமுக்கவும் வேண்டாம், அமுக்கினால் நிற்கும் கோடு மெலியும், கட்டை மட்டும் பழைய தடிமனில் நிற்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். இடம் இல்லையென்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், அல்லது இரண்டு வரியாக உடையுங்கள். அவுட்லைன் கொடுத்தால் எழுத்துக்குப் பின்னால் போகும்படி வையுங்கள். முன்னால் வந்தால் ஆங்கிலச் சின்ன ஏ, ஈ இரண்டின் வயிற்று ஓட்டையும் அடைபடும்.

தமிழுக்கு வருவோம், நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தமிழ் எழுத்துக்குச் செரிஃப், அதாவது காலிலும் தலையிலும் நிற்கும் கட்டை, கிடையாது. ஆங்கிலத்தில் ஸ்லாப் இருக்கிறதே என்று 'ப'வுக்கும் 'ட'வுக்கும் காலில் கட்டை ஒட்டிப் பார்க்கிறார்கள், அது ஒட்டவே ஒட்டாது. உருண்டையையும் தடிமனையும் மட்டும் பொருத்தினால் போதும். மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் செய்த 'பலூ தம்பி' என்ற தமிழ் எழுத்துரு அதற்கு நன்றாகச் சேரும், இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எந்தத் தடித்த தமிழ் எழுத்தானாலும் இரட்டைக் கொம்பைப் பாருங்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசமே மேலே உள்ள அந்தச் சின்னச் சுழிதான். மை பரவி அது அடைந்தால் 'சேது' 'செது' ஆகிவிடும். சேதுச் சீமை என்று பெயர் பெற்ற நம் ராமநாதபுரத்தில் அப்படி ஒரு போர்டு நிற்கக்கூடாது. 'ண'வின் சுழிகளும் அப்படித்தான் அடையும். 'பாம்பன்' என்று போட்டால் இரண்டு புள்ளியும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டினால் கர்வ்ஸ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி, புள்ளியை மட்டும் பிடித்து மேலே நகர்த்துங்கள்.

கருவாட்டுப் பாக்கெட்டில் 'நெத்திலி' என்ற பெயர் மட்டும் இந்த எழுத்தில் வரட்டும். எடை, விலை, பேக் செய்த தேதி, உரிம எண் எல்லாம் சாதாரண மெலிந்த எழுத்தில் போடுங்கள். போன் நம்பருக்கு வேண்டவே வேண்டாம், 3, 6, 8 மூன்றும் சின்ன அளவில் ஒன்றுபோலவே தெரியும், ஆர்டர் வேறு யாருக்கோ போய்விடும். காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு அழகாக இருக்கும். கண்ணீர் அஞ்சலிக்குப் போடாதீர்கள், அந்த உருண்டைக்குச் சிரித்த முகம், துக்க வீட்டு வாசலில் அது நோகடிக்கும்.

பிரிண்டுக்கு அனுப்பும் முன், பெயரை நிஜ அளவிலேயே ஏ4 தாளில் எடுத்து, ஒரு தாளில் அடங்காவிட்டால் இரண்டை ஒட்டி, வெயில் விழும் சுவரில் மாட்டி, தூரத்தில் நின்று, அந்தப் பெயரை முன்பே அறியாத ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு நொடி தயங்கினாலும் எந்த எழுத்தில் தயங்கினார் என்று கேட்டு, அதைத் திருத்திவிட்டு ஃபைலை அனுப்புங்கள்.