தேருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

ஆகஸ்டு கடைசியில் சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடி ஏறினால், செப்டம்பர் 8 தேர்வரை பெங்களூருவின் அந்தப் பக்கம் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஊடே பிள்ளையார் ஊர்வலங்கள் வேறு. அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கழுத்தில் அட்டை, வாயில் விசில் என்று தொண்டுக்கு வந்து நிற்பார்கள். 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடிய வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்த பிறகு, "அண்ணா, நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். செய்யக்கூடாததைச் சொல்வது எனக்குச் சுலபம். பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதல் வருடம் ஒரு பல்லக்கு ஊர்வலத்தில், தெரு திரும்பும் இடத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். பல்லக்கு வந்ததும் நானும் கையெடுத்துக் கும்பிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஓர் அம்மா சுவரோடு ஒட்டி, கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தையல் கடைக்காரர் பாதி இறக்கியிருந்த ஷட்டரைத் தூக்கி அவரை உள்ளே இழுத்துக்கொண்டார். அட்டை மாட்டியிருந்தது நான், வேலையைப் பார்த்தது அவர். சாமிக்கு முதுகு காட்டக்கூடாது என்று பாட்டி சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் தொண்டுக்கு நிற்கும் நாளில் உங்கள் முகம் கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். தரிசனத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, முன்வரிசையைப் பார்த்து "பின்னால போங்க, பின்னால போங்க" என்று கத்துவது. முன்னால் இருப்பவர் தள்ளவில்லை, தள்ளப்படுகிறார். அவர் எங்கே போவார்? தள்ளுகிறவர் இருபது வரிசைக்குப் பின்னால் இருக்கிறார். முன்னால் மூச்சுத் திணறுவது அவருக்குத் தெரியவே தெரியாது. கொஞ்சம் இடம் கிடைத்தது என்று ஓர் அடி வைக்கிறார், அவ்வளவுதான். அதனால் நல்ல ஆட்களைக் கூட்டத்தின் வால்பக்கம் நிறுத்துங்கள். அங்கேயே நிறுத்தி வைக்கவும், வேறு தெருவுக்குத் திருப்பவும் முடியும். நம் ஊரில் தமிழில் மட்டும் சொன்னாலும் போதாது. "நில்லுங்க", "நில்லி", "ருக்கோ" மூன்றும் நாக்கில் தயாராக இருக்கட்டும். கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினால் எல்லா மொழிக்காரருக்கும் புரியும்.

நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று நினைப்பதும் தவறு. பலர் நின்ற இடத்திலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி இறக்கிறார்கள். இதைப் புரியவைக்க நாங்கள் ஒரு வேலை செய்வோம். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, நாலு பேரை நிற்கச் சொல்வோம். திரும்பலாம், பேசலாம். ஐந்தாவது ஆள் ஏறினால் சிரிப்பு வரும். ஆறாவது, ஏழாவது ஆளும் நுழைந்தபின், கீழே கழன்ற செருப்பை எடுக்கச் சொல்லுங்கள். யாராலும் குனிய முடியாது. அந்த நிலையில் கூட்டம் தனித்தனி மனிதர்களாக நடப்பதில்லை, தண்ணீர் மாதிரி அலைகிறது. தலைகளெல்லாம் காற்றில் நெற்கதிர் சாய்வதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தால் யோசிக்க நேரமில்லை. உடனே போலீசுக்குச் சொல்லி, வருகிற கூட்டத்தை நிறுத்த வேண்டும்.

நாலு பேர் கைகோத்து மறிப்பதும், கயிறு பிடிப்பதும் அந்த நேரத்தில் உதவாது. கூட்டம் லேசாக இருக்கும்போது வரிசை பிடிக்கக் கயிறு சரி. நெருக்கம் வந்தபின் அது காலைத் தட்டிவிடும். கேட்டைத் திறப்பதும் அப்படித்தான். 2025 ஜனவரியில் திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டத்தில் 6 பேர் இறந்தார்கள். உடம்பு முடியாத ஒரு பெண்ணை வெளியே விட கேட்டைத் திறந்ததும், வரிசையைத்தான் விடுகிறார்கள் என்று கூட்டம் பாய்ந்ததாகச் செய்திகள் வந்தன. நல்ல எண்ணத்தில் திறந்த கதவுதான். மயங்கியவரை வெளியே கொண்டுவரத் தனி வழி முதலிலேயே இருக்க வேண்டும். அந்த வழியில் ஸ்கூட்டர் நிறுத்துவது, மோர்ப் பந்தல் போடுவது, செருப்பு ஸ்டாண்டு வைப்பது, மூன்றையும் பார்த்திருக்கிறேன். பந்தல்காரரோடு சண்டை போடத் தயங்காதீர்கள்.

வாய் விஷயம் ஒன்று. "பிரசாதம் தீரப்போகுது", "இன்னும் அம்பதே டோக்கன்தான்" என்று விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். 2025 பிப்ரவரி 15 அன்று புதுடெல்லி ரயில் நிலையத்தில் 18 பேர் இறந்தார்கள். பிரயாக்ராஜ் பெயரில் இருந்த இரண்டு ரயில்களின் அறிவிப்பால் வந்த குழப்பத்தையும் ஒரு காரணமாக டெல்லி போலீஸ் சொன்னது. மைக்கில் ஒருவர் மட்டும் பேசட்டும், யோசித்துப் பேசட்டும். தண்ணீர் பாட்டிலைக் கூட்டத்துக்குள் வீசவும் வேண்டாம், கையில் கொடுத்துக் கைமாற்றி அனுப்புங்கள்.

செல்போனை நம்பாதீர்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் சிக்னல் படுத்துவிடும். வாக்கி டாக்கி இல்லையென்றால், ஒரு விசில், இரண்டு விசில் எதற்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 112, 108 எண்களோடு, ஆம்புலன்ஸ் எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஒருவர் விழுந்தால் தனியாகப் பாய்ந்து குனியாதீர்கள், அடுத்து விழுவது நீங்கள். இரண்டு மூன்று பேர் சுற்றி முதுகால் அணை கட்டி இடம் உண்டாக்கினால், இன்னொருவர் தூக்கலாம்.

அப்புறம், பல்லக்கு உள்ளே போனதும் தொண்டர்கள் புளியோதரைக்குக் கிளம்பிவிடுவது. வந்த கூட்டம் மணிக்கணக்கில் சேர்ந்தது, போகிற கூட்டம் ஒரே நேரத்தில் அதே சந்துக்குள் நுழைகிறது. அலுத்த கால், தூங்கும் குழந்தை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதனால் ஆள் சேர்க்கும்போதே நாங்கள் சொல்லிவிடுவோம்: சாப்பாடு கடைசியில்தான், ஆறிப்போய்த்தான் இருக்கும்.