மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீரும் தீனியும் வைப்பது எப்படி?

பறவைகள் வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்ததும் பலர் முதலில் வாங்குவது தானியத்தைத்தான். ஆனால் முதலில் வைக்க வேண்டியது தண்ணீர். நம் ஊர்களில் தானியத்தை நம்பி வாழும் பறவைகள் சிலதான்: சிட்டுக்குருவி, புறா, சில்லை, கிளி. பூச்சி பிடிக்கும் குண்டுகரிச்சானும் தையல்சிட்டும், பழம் தின்னும் கொண்டைக்குருவியும் கம்பைத் திரும்பியும் பார்க்காது. தண்ணீர்ச் சட்டிக்கோ இவை எல்லாமே வரும், குடிக்கவும் குளிக்கவும். கோடையில் தானியமே வைக்காமல் ஒரு சட்டித் தண்ணீர் மட்டும் வைத்தாலும் போதும்.

1. இடம்

காலை வெயில் படலாம், பதினொரு மணிக்கு மேல் நிழல் விழ வேண்டும். ஆழமில்லாத சட்டியில் இருக்கும் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும். அதில் எந்தக் குருவியும் வாய் வைக்காது. இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு மரக்கிளையோ துணி காயப்போடும் கொடியோ இருந்தால் நல்லது. பறவை நேராக இறங்காது. அங்கே உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வரும். அதே சமயம் சட்டியை ஒட்டிப் புதர் வேண்டாம், பூனை பதுங்க அதுவே வசதியாகிவிடும்.

கண்ணாடி ஜன்னல் இருந்தால் சட்டியையும் தீனியையும் அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள். திடுக்கிட்டுக் கிளம்பும் பறவைக்கு அந்தத் தூரத்தில் வேகம் பிடித்திருக்காது. மோதினாலும் பெரிதாக அடிபடாது. இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால் தள்ளி வையுங்கள். நடுவில் இருக்கும் தூரம்தான் ஆபத்து.

2. தண்ணீர்ச் சட்டி

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும். 12 முதல் 15 அங்குல அகலமும் 2 அங்குல ஆழமும் சரியான அளவு. எவர்சில்வர் தட்டில் கால் வழுக்கும், வெயிலில் கொதிக்கும். புதுத் தட்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகு பயன்படுத்துங்கள். ஒரு பக்கம் தட்டையான கல்லையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ வைத்து, அந்தப் பக்கத்தில் அரை அங்குலத் தண்ணீர் மட்டும் நிற்கும்படி செய்யுங்கள். தையல்சிட்டு அங்கே நிற்கும். மைனா நடுவில் இறங்கிக் குளிக்கும். வாளி, டிரம் போன்றவற்றைத் திறந்து வைக்கக் கூடாது. வழவழப்பான பக்கத்தில் பற்றி ஏற முடியாமல் குருவியும் அணிலும் மூழ்கிச் சாகும்.

கொசு விஷயத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டவைக்கிறது. அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நனைந்ததும் பொரியும். அதனால் தினமும் தண்ணீரை மாற்றுவதோடு, வாரம் இரண்டு முறையாவது தேங்காய் நாரால் விளிம்பைச் சுற்றி அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம்.

3. தானியம்

கம்பு இரண்டு பங்கு, உமி நீக்காத தினை ஒரு பங்கு, அரிசி நொய் ஒரு பங்கு. கம்பும் நொய்யும் மளிகைக் கடையில் கிடைக்கும். உமியோடு இருக்கும் தினையைப் பறவைத் தீனி விற்கும் கடையில் கேளுங்கள். விதைக்கடைத் தானியம் மட்டும் வேண்டவே வேண்டாம். விதைநேர்த்திக்காகப் பூஞ்சைக்கொல்லி கலந்திருப்பார்கள், அது பறவைக்கு விஷம்.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 40 அல்லது 50 கிராம். காலை ஆறு, ஏழு மணிக்குள் வைத்துவிட்டு, பொழுது சாயும்போது மீதியை எடுத்துவிடுங்கள். இரவில் கிடக்கும் தானியம் எலிக்குத்தான் போகும். மீதி இருந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள்.

சிட்டுக்குருவி தினை தின்பதைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு மணியை நாக்கால் அலகின் ஓரத்துக்குத் தள்ளி, இரண்டு மூன்று முறை மெல்லும். உமி வெளியே உதிரும், அரிசி உள்ளே போய்விடும். அந்த உமி தட்டிலேயே குவிவதால் தட்டு நிறைந்திருப்பது போலத் தெரியும். “தினை அப்படியே இருக்கிறதே” என்று விட்டுவிடாமல் ஒரு முறை ஊதிப் பாருங்கள். பறந்தால் உமி, கிடந்தால் தானியம்.

மிக்சர், முறுக்கு, பிஸ்கட், பால் வேண்டாம். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை மிக மோசம். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கும். காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம், தனி இடத்தில். வெயிலில் சோறு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் மிச்சத்தை மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

4. கதிர்க்கொத்து

நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. சிட்டுக்குருவிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. குருவி கதிரைப் பற்றித் தொங்கியபடியே கொத்தும். கனமான புறாவால் அப்படித் தொங்க முடியாது. முப்பது நாற்பது கதிர்களை இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் கொத்தின் நடுவில் பூஞ்சை பிடிக்கும். சணல் கயிற்றால் கட்டி, மழைச்சாரல் படாத இடத்தில் ஏழு அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். நைலான் நூல் கூடாது, பிரிந்த இழை காலில் சுற்றி இறுக்கிவிடும். நெல் கிடைக்காவிட்டால் நாலு கம்பங்கதிர் போதும்.

5. புறாக் கூட்டம் வந்தால்

தரையில் தானியத்தை இறைத்தால் மாடப்புறாக்கள்தான் வரும். எண்ணிக்கை பெருகினால் குருவி ஒதுங்கிவிடும். புறா எச்சத்தின் தூசு மனிதர்களின் நுரையீரலையும் பாதிக்கும். ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையில் ஒரு கூண்டு செய்து, தானியத் தட்டை அதன் நடுவில் வையுங்கள். வலைக்கும் தட்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 15 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் புறா கழுத்தை நீட்டி எட்டிவிடும். வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கமோ வெளிப்பக்கமோ நீட்டிக்கொண்டிருக்க விடாமல் மடக்குங்கள்.

6. பழம், பூ

கனிந்த வாழைப்பழத்தின் தோலை ஒரு பக்கம் மட்டும் கீறி, கிளையில் செருகிவையுங்கள். பப்பாளித் துண்டும் ஆகும். கொண்டைக்குருவியும் மைனாவும் அதற்கு வரும், அணிலும் பங்குக்கு வரும். அதைத் துரத்த வேண்டியதில்லை. எறும்பு ஏறினால் பழத்தட்டை இன்னொரு தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். எறும்பு சாக்பீஸ் விஷம். கிரீஸ், எண்ணெய் தடவினால் பறவையின் இறகில் ஒட்டிக்கொள்ளும். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதைவிட ஒரு செம்பருத்தியோ வெட்சியோ வளர்ப்பது மேல். அந்தச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும்.

7. சுத்தம்

தானியத் தட்டை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே மறுபடி நிரப்புங்கள். இறகைச் சிலிர்த்தபடி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையையோ, அலகிலும் காலிலும் கொப்புளம் உள்ள பறவையையோ பார்த்தால் தீனியையும் தண்ணீரையும் இரண்டு வாரம் நிறுத்திவிடுங்கள். கூட்டம் கலைந்தால்தான் நோய் பரவுவது நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பாத்திரங்களைக் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

8. காத்திருப்பு

முதல் வாரம் ஒன்றுகூட வராமல் போகலாம். பலர் இந்த நேரத்தில்தான் தட்டை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கெடுக்கிறார்கள். அதே இடம், அதே நேரம் என்று குறைந்தது மூன்று வாரம் விடாமல் வையுங்கள். பொதுவாகக் காகமும் மைனாவும் முன்னே வரும், மற்றவை பின்னால் வரும். பறவைகள் பழகியதும் காலையில் 15 நிமிடம் ஐந்தாறு மீட்டர் தள்ளி அசையாமல் உட்கார்ந்து, எந்தப் பறவை எத்தனை வந்தது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் (eBird) செயலியில் ஏற்றலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்புக்கும், பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்புக்கும் மொட்டை மாடிப் பட்டியல் தாராளமாகச் செல்லும்.